வன்னிக் குளங்களில் முதலையும் பாம்பும் பார்க்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் குளக்கட்டுகளிலும் வயல் வரம்புகளிலும் சிறு கூட்டமாக ஆட்களை நடத்திக்கொண்டு போய் முதலை, பாம்பு, கபரக்கொய்யா (நீர் உடும்பு) காட்டுகிறோம். போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில். சில பதில்கள் நீண்டுவிட்டன. பாம்பு என்றால் பேச்சும் நீளும்.

இந்த நடையில் என்னதான் செய்வோம்?

விடியற்காலையில் குளக்கட்டில் தொடங்கி, அலைகரையோரமாகப் போய், வாய்க்கால் வழியே வயலுக்கு இறங்கித் திரும்புவோம். நாலைந்து கிலோமீற்றர்தான். ஆனால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, ஏனென்றால் பாதி நேரம் நின்று பார்ப்பதில்தான் போகும். ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் எங்கள் ஆட்கள். முன்னால் போகும் ஐயா அறுபது தாண்டியவர். காட்டுக்கரையில் ஒரு குழையை முறித்து மரத்தில் செருகிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். அதற்குள் அவரை முந்தக்கூடாது. எங்கள் முதல் விதி அது.

கட்டாயம் பாம்பு பார்க்கலாமா? பார்க்காவிட்டால் காசு திரும்பத் தருவீர்களா?

இரண்டுக்கும் இல்லை. கோடையில் முதலை அநேகமாகத் தெரியும். பாம்பு அப்படியில்லை. பத்து நடையில் நஞ்சுப் பாம்பு ஒன்றைக்கூடக் காணாமல் திரும்பியதும் உண்டு. ‘நிச்சயம் காட்டுவோம்’ என்று யாராவது சொன்னால், முதல் நாளே பிடித்துச் சாக்கில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்த வேலை எங்களிடம் இல்லை.

தடம் பார்க்கத் தெரிந்தால் வெறுங்கையோடு திரும்பமாட்டீர்கள். காய்ந்த சேற்றில் முதலை போன வழி நன்றாகப் பதிந்திருக்கும்: இரண்டு பக்கமும் கால், நடுவில் வால் இழுத்த கோடு. கபரக்கொய்யாவின் வால்கோடு பாம்பு போல வளைந்து வளைந்து போகும். வெங்கணாந்தி, அதாவது மலைப்பாம்பு, பெரிதாக இருந்தால் வளையாமல் நேராக ஊரும், யாரோ மூட்டையை இழுத்துக்கொண்டு போனது மாதிரி. மன்னார்ப் பக்க மணலில் சுருட்டை விரியன் பக்கவாட்டில் போகும், அதன் தடம் ஒன்றோடொன்று சேராத சாய்ந்த கோடுகள். என்னைக் கேட்டால் விடியற்காலையில் புதுத் தடம் ஒன்றை வாசிப்பதில் உள்ள சந்தோசம் பாம்பைப் பார்ப்பதிலும் இல்லை. வருகிறவர்கள் இதை நம்புவதில்லை, அது வேறு கதை.

எந்த முதலை இருக்கிறது?

இலங்கையில் இரண்டு இனம். வன்னிக் குளங்களில் நாம் பார்ப்பது மக்கர் என்கிற நன்னீர் முதலை. அந்தப் பெயர் இந்தி ‘மகர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கோயில் வாசலில் மகர தோரணம் என்கிறோமே, அந்த மகரத்தின் உறவுச் சொல்தான். மற்றது உவர்நீர் முதலை, ஆற்று முகத்துவாரங்களிலும் களப்புகளிலும் வாழ்வது, உலகத்து ஊர்வனவற்றில் மிகப் பெரியது. மக்கருக்கு மூஞ்சி அகலம், தலைக்குப் பின்னால் பெரிய செதில்கள் வரிசையாக நிற்கும். உவர்நீர் முதலைக்கு அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். தூரக்கண்ணாடியில் இதைப் பார்க்கலாம். கிட்டப் போய்ப் பார்க்கத் தேவையில்லை.

மக்கர் நாலு மீற்றர் வரை வளரும். காலையில் கரையேறி வெயில் காயும். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்போது எல்லோரும் பயப்படுகிறார்கள், கோபத்தில் பிளக்கிறது என்று. உடம்புச் சூட்டை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். பயப்பட வேண்டியது கரையில் கிடக்கிற முதலைக்கு அல்ல, தண்ணீருக்குள் இருந்து தெரியாமல் போன முதலைக்கு. கண்ணும் மூக்குத்துளையும் மட்டும் மேலே நிற்கும், பார்த்தால் மிதக்கிற மட்டை மாதிரி. பிறகு அதுவும் தாழ்ந்துவிடும். மாடு தண்ணீர் குடிக்கிற இடத்துக்கும் ஆட்கள் குளிக்கிற இடத்துக்கும் அது நாள் தவறாமல் வந்து பழகும். அதனால்தான் ஊரில் பழைய ஆட்கள் தினமும் ஒரே இடத்தில் குனிந்து தண்ணீர் அள்ளமாட்டார்கள்.

குளம் வற்றினால் இரண்டு வழி வைத்திருக்கும். கரையில் நீளமான வளை தோண்டி உள்ளே கிடக்கும், அல்லது இரவோடு இரவாக நடந்து அடுத்த குளத்துக்குப் போகும். காலையில் கிணற்றுக்குள் முதலை என்று கிராமத்தில் அமளி எழுவது அப்படித்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவில் ஊர்கள் மூழ்கின. அப்படிப்பட்ட வெள்ளம் வடிந்த பிறகு சில வாரங்களுக்கு வாய்க்கால் மதகடியில்கூடக் கால் வைக்குமுன் பார்க்க வேண்டும்.

கோடையில் கரை மணலைத் தோண்டி இருபத்தைந்து, முப்பது முட்டை இடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருந்த சூடு தீர்மானிக்கும். தாய் அந்த இடத்தை விட்டுத் தூரப் போகாது. கூடு இருக்கலாம் என்று ஐயா சந்தேகப்பட்டால் அந்தக் கரையை அப்படியே விட்டுச் சுற்றிப் போவோம். அதற்காக யாரும் முகத்தைச் சுழிக்க வேண்டாம்.

முதலை துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம். நேராக, தண்ணீருக்கு எதிர்ப்பக்கமாக ஓடுங்கள். நிலத்தில் அதற்குச் சிறு தூரம்தான் வேகம், வளைந்து ஓடினால் உங்களுக்குத்தான் வேகம் குறையும். ஆனால் முதலை ஆளைப் பிடிப்பது துரத்தி அல்ல, காத்திருந்து. நீர்விளிம்பிலிருந்து பத்து மீற்றர் தள்ளி நடந்தால் இந்தக் கேள்வியே வராது.

இந்த நடையில் உண்மையான ஆபத்து எது?

வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் எதிர்பார்க்கிற வரிசையில் இருக்காது.

முதலில் யானை. தனித்த ஆண் யானை பற்றைக்குப் பின்னால் நின்றால் பத்தடியிலும் தெரியாது. புது லத்தி கண்டால் அந்த வழியை விட்டுவிடுவோம். பாலைப்பழக் காலத்தில் கரடியும் அப்படியே, தலை நிமிர்த்தாமல் தின்றுகொண்டு நிற்கும், திடீரென்று மனிதனைக் கண்டால் பாயும்.

பிறகு மிதிவெடி. யுத்தம் 2009இல் முடிந்தது. கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் அதன்பின் பெரும்பகுதியைத் துப்புரவாக்கின, ஆனால் எல்லா இடமும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கு அப்பால் மலைப்பாம்பு படமெடுத்து ஆடினாலும் போகமாட்டோம். (மலைப்பாம்பு படமெடுக்காது. சொல்லுக்குச் சொன்னேன்.) பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் தினமும் நடக்கிற பாதையை விட்டு இறங்குவதில்லை. படம் எடுக்க, ஒன்றுக்குப் போக, எதற்கும்.

மூன்றாவது வெயில். ஓகஸ்டில் பத்து மணிக்குப் பிறகு குளக்கட்டில் நிழல் கிடையாது. எங்களிடம் இதுவரை மயங்கி விழுந்தவர்கள் எல்லாம் வெயிலால் விழுந்தவர்கள்.

பாம்பு நாலாவது.

வில்பத்து, சுண்டிக்குளம் போன்ற இடங்களுக்குள் நடந்து போகலாமா?

முடியாது. தேசிய பூங்காக்களில் குறித்த இடங்கள் தவிர வாகனத்தை விட்டு இறங்க அனுமதி இல்லை. சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015இல் தேசிய பூங்கா ஆகின. முதலை, மலைப்பாம்பு, நட்சத்திர ஆமை எல்லாம் 1937ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. அதனால் ஊர்ப் பாதை, குளக்கட்டு, சொந்தக்காரர் சம்மதித்த வயல், இவ்வளவுதான் எங்கள் எல்லை. விவசாயிகளைக் கேட்காமல் வரம்பில் இறங்குவதில்லை, விதைப்புக் காலத்தில் கேட்டாலும் இறங்குவதில்லை.

எந்த மாதம் வருவது நல்லது?

முதலைக்கு ஓகஸ்ட், செப்ரெம்பர். தண்ணீர் சுருங்கி மிஞ்சிய குட்டையில் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பாம்புக்குக் காலபோக அறுவடை, அதாவது பெப்ரவரி, மார்ச். நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் புடையன், அதாவது கண்ணாடி விரியன், வரும். மாரியில் வராதீர்கள். பாதை சேறு, தண்ணீர் பரந்து முதலை எங்கும் சிதறிவிடும், பாம்புகள் மேட்டு நிலம் தேடிக் குளக்கட்டிலேயே ஏறிக் கிடக்கும். பார்க்க நல்ல காலம்தானே என்பார்கள். நடக்க நல்ல காலம் இல்லை.

இரவு நடை உண்டா?

காட்டுக்குள் இல்லை, யானைதான் காரணம். கேட்டால் குளக்கட்டில் ஓரிடத்தில் நின்றபடி ஒரு மணி நேரம் ரோச் லைற் அடித்துக் காட்டுவோம். லைற்றைக் கண்மட்டத்தில் பிடித்துத் தண்ணீர்மேல் மெதுவாக ஓட்டினால் முதலையின் கண் நெருப்புத் தணல்போலச் சிவப்பாகத் திரும்பி ஒளிரும். முதல் தடவை இரண்டைக் காண்பீர்கள், கண் பழகியதும் ஏழு, எட்டு. பகலில் வெறும் தண்ணீர் என்று நினைத்த இடம் அது.

என்ன உடுத்துவது, என்ன கொண்டுவருவது?

கணுக்கால் மூடிய சப்பாத்து, தடித்த நீளக் காற்சட்டை. செருப்போடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். தொப்பி, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். முசுறும் உண்ணியும் பாம்பைவிட நிச்சயமாகக் கடிக்கும், அதற்குக் காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். தடி நாங்கள் தருவோம். பாம்பை அடிக்க இல்லை, நிலத்தில் தட்ட. நிலத்தின் அதிர்வை அது உடம்பால் உணரும், உணர்ந்தால் பெரும்பாலும் விலகிவிடும். புடையன் மட்டும் விலகச் சோம்பல்படும்.

இதைச் சொல்லும்போது என் சொந்தப் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். வழியில் விழுந்து கிடந்த பனங்குற்றியைத் தாண்டினேன், மறுபக்கம் பார்க்காமல். காலை ஊன்றிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குக்கர் ஆவி விடுகிற மாதிரிச் சீறல். புடையன். கடிக்கவில்லை, அது அதன் தயவு. அன்றிலிருந்து குற்றியின்மேல் ஏறி நின்று, கீழே பார்த்து, பிறகுதான் இறங்குகிறேன். உங்களையும் அப்படித்தான் இறங்கச் சொல்வோம்.

நஞ்சுப் பாம்பை எப்படி அடையாளம் காண்பது?

தலை முக்கோணம் என்றால் நஞ்சு என்று சொல்லிக்கொடுப்பவர்களை நம்ப வேண்டாம். நாகத்துக்கும் எட்டடி விரியனுக்கும் முக்கோணத் தலை இல்லை.

முத்திரைப் புடையன், கண்ணாடி விரியன் என்றும் சொல்வார்கள்: முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி கோத்தது போல நீள்வட்டப் புள்ளிகள், ஒழுங்காக இருக்கும். மலைப்பாம்புக் குட்டியைப் பார்த்துப் புடையன் என்று அடித்துக் கொல்கிறார்கள், புடையனை மலைப்பாம்புக் குட்டி என்று தூக்கியவர்களும் உண்டு. மலைப்பாம்பின் புள்ளிகளுக்கு அந்த ஒழுங்கு கிடையாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம்.

எட்டடி விரியன்: பளபளக்கிற கறுப்பு, மெல்லிய வெள்ளை வளையங்கள். தலைப்பக்கம் வளையம் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும், வால்பக்கம் போகப்போகத் தெளியும். நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்புக்கு இது தலைகீழ். பகலில் நாங்கள் நடக்கும்போது எட்டடி விரியன் அநேகமாகக் கண்ணில் படாது. அது இரவுப் பாம்பு, காட்டைவிட வீட்டில்தான் அதற்குப் பயப்பட வேண்டும். நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர்களைத் தூக்கத்தில் கடிக்கும், நோவு தெரியாது, பல்லடையாளமும் பல நேரம் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, பிறகு கண்ணிமை சரியும். தங்க வருபவர்களுக்குக் கட்டிலும் நுளம்பு வலையும் கட்டாயம் என்று நாங்கள் அடம்பிடிப்பது இதனால்தான்.

நாகத்தைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சுருட்டை விரியன் சிறியது, மன்னார், சுண்டிக்குளம் போன்ற கரையோர மணல் நிலங்களில் இருக்கும், செதிலோடு செதிலை உரசி அரம்போல் சத்தமிடும். கடலில் இறங்குபவர்கள் கடற்பாம்பையும் கணக்கில் வைக்க வேண்டும், முல்லைத்தீவு மீனவரின் வலையில் ஏறுவதுதான்.

யாரையாவது கடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

நடையை அந்த இடத்திலேயே நிறுத்துவோம். கடிபட்டவரை இருத்தி, மோதிரம், காப்பு, சப்பாத்து கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ தடி வைத்து ஆடாமல் கட்டுவோம். இறுக்கிக் கட்டுவதில்லை, கீறுவதில்லை, வாயால் உறிஞ்சுவதில்லை. நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வாகனத்துக்கு வருவோம். எங்கள் வாகனம் எப்போதும் பாதையின் பாதியில் நிற்கும். அது உதவாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன், சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டாம். தள்ளி நின்று போனில் ஒரு படம் போதும், அதற்கும் மினக்கெட வேண்டாம்.

போகும் இடம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், எது கிட்டவோ அந்த மாவட்டப் பொது வைத்தியசாலை. அங்கே இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் புடையன் போன்ற விரியனின் நஞ்சு ஏறியிருக்கிறது. உடனே ஏன் ஊசி போடவில்லை என்று வைத்தியரோடு சண்டை பிடிக்காதீர்கள். நம் நாட்டில் பாவிப்பது இந்தியாவில் செய்த நஞ்சு எதிர்ப்பு மருந்து. நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை விரியன் நாலுக்கும் அது கேட்கும், ஆனால் அந்த மருந்தே கடும் ஒவ்வாமையைக் கொண்டுவரலாம். நஞ்சு ஏறிய அறிகுறி தெரிந்தால்தான் ஏற்றுவார்கள். மூக்கு நிமிர்ந்த சின்னக் குழிவிரியனுக்கு அந்த மருந்து வேலை செய்யாது.

எங்கள் ஊரில் கடிவாயில் விசக்கல் வைத்தே சுகப்படுத்துகிறார்களே?

2012, 2013இல் நாடு முழுதும் வீடு வீடாகக் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். ஆண்டுக்கு 80,000க்கு மேல் பாம்புக்கடி, அதில் நஞ்சு ஏறியது சுமார் 30,000, இறந்தது 400க்கு மேல் என்று கணக்கு வந்தது. அதாவது கடிபட்டவர்களில் பாதிக்கு மேல் நஞ்சே ஏறவில்லை. அந்த ஆட்களுக்குக் கல்லை வைத்தாலும் சுகம், கற்பூரத்தை வைத்தாலும் சுகம். நஞ்சு ஏறியவருக்கு அந்தக் கல்லடியில் போகிற இரண்டு மணி நேரம் திரும்பி வராது. எங்கள் ஐயாவின் தகப்பனாரே விசகடி வைத்தியர்தான். மகன் வாகனத்தில் பெற்றோல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்.

பாம்பைப் பிடித்துக் காட்டுவீர்களா? பக்கத்தில் நின்று படம் எடுக்கலாமா?

பிடிப்பதில்லை. யாருடைய டிக்டொக்குக்காகவும் தடியால் கிளறுவதில்லை. பாம்புக்கு மூன்று மீற்றர், முதலைக்குப் பத்து மீற்றர், அதற்குள் போக விடமாட்டோம். நல்ல படம் வேண்டுமானால் நீள லென்ஸ் கொண்டுவாருங்கள். புற்றுக்குள் கையோ கமராவோ விடுகிறவர்களோடு நடை அந்த நிமிடமே முடியும்.

கோயில் நாகத்தை ஏன் காட்டுவதில்லை?

புளியங்குளத்துப் புதூர் நாகதம்பிரான் கோயிலுக்கு வன்னி முழுதும் இருந்து பொங்கலுக்கு வருவார்கள். கும்பிட வாருங்கள், நாங்களும் வருகிறோம். அது காட்சிக்கூடம் இல்லை. நாகத்தைத் தம்பிரான் என்று விட்டுவிடுகிற அதே ஆள் புடையனைக் கண்டால் மண்வெட்டி தேடுவார், சாரையையும் சேர்த்து அடிப்பார். சாரை தின்கிற எலியைக் கணக்குப் போட்டால் அது வயலுக்குச் சம்பளம் வாங்காத காவல்காரன். இதை ஐயா நடைக்கு நடை சொல்கிறார், ஊருக்குள்ளும் சொல்கிறார். ஊருக்குள் கேட்பவர் குறைவு.

இன்னொன்று. இருட்டிய பிறகு ‘பாம்பு’ என்று பேர் சொன்னால் ஐயாவுக்குப் பிடிக்காது. ‘பூச்சி’ என்று சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

பன்னிரண்டு வயதுக்கு மேல். வயதைவிட, சொன்னவுடன் நிற்கிற பிள்ளையா என்பதுதான் முக்கியம். நிற்காத பெரியவர்கள்தான் எங்களுக்குக் கூடுதல் தொல்லை.

எத்தனை மணிக்கு, எங்கே வரவேண்டும்?

காலை 5.30க்குக் குளக்கட்டில், துருசடியில், அதாவது வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கிற மதகடியில். ஏ9 வீதியில் இருட்டில் வருகிறபோது மெதுவாக வாருங்கள், இரவில் சூடு பிடிக்க வீதியில் வந்து கிடக்கிற பாம்புகள் விடியும்போதுதான் அரைபடுகின்றன. பிளேன்ரீயும் பனங்கட்டியும் எங்களிடம் இருக்கும். வந்ததும் முகம் கழுவக் குளத்துக்கு இறங்காதீர்கள், வாளியில் தண்ணீர் வைத்திருப்போம்.